நிழலுக்கு உட்பிரிவு

மதியம் ஒன்றேகாலுக்கு
ஜெய்புன்னிசா வீட்டு மூன்றாம் மாடி
என் கொல்லைக்குள் இறங்கும்.
காலையில் என் வீட்டு நிழல்
மாலையில் அவர்கள் வீட்டு நிழல்
நடுவே இரண்டு மணி நேரம் வெயில்,
அதுவும் ரிப்பன் அகலத்துக்கு.

கூத்தாநல்லூரில் எல்லோரும் மேலேதான் கட்டுகிறார்கள்.
மலேசியாவில் ஒரு மகன் இருந்தால் ஒரு தளம்.
அவர்களுக்கு மூன்று மகன்கள்.

குண்டுமல்லிக்குத்தான் முதலில் தெரிந்தது.
சித்திரை முழுக்க இலையாகவே தள்ளிவிட்டு
ஒரு மொட்டு வைக்கவில்லை.

நான் சர்வேயர்.
ஊரார் வரப்புச் சண்டைக்கெல்லாம் கல் நடுகிறவள்
என் சண்டைக்குச் சும்மா இருப்பேனா?
ஒரு ஞாயிற்றுக்கிழமை
கோலமாவு எடுத்து மணிக்கொரு கோடு போட்டேன்.
கையை உதறி நிமிர்வதற்குள்
நிழல் கோட்டைத் தாண்டியிருந்தது.
மார்கழியில் அளந்தால் வேறு புலப்படம் வரும்.
எந்தப் பட்டாவிலும் ஏறாத நிலம்,
தினமும் கைமாறுகிறது
பத்திரச் செலவு இல்லாமல்.

நகராட்சிக்கு மனு எழுதினேன்.
பக்கவாட்டில் இடம் விடாதது ஒன்று.
ஏசி தண்ணீர் என் எல்லைக்குள் சொட்டுவது இரண்டு.
மூன்றாவதாக வெயில் என்று எழுதி
எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல்
அடித்துவிட்டேன்.

சங்கிலி பிடிக்கும் வைரக்கண்ணு
கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நெழல்ல பூக்கறதும் ஒலகத்துல இருக்கும்மா."
மறுநாள் ஆபீசுக்கு ஒரு கிழங்கு கொண்டுவந்தார்,
பழைய புலப்பட நகலில் சுற்றி.
பெயர் கேட்டேன். "மே மாசத்துப் பூ" என்றார்.
"மார்கழியில செத்த மாதிரி கெடக்கும்.
தூக்கிப் போட்டுடாதீங்க."

நீடாமங்கலத்து நர்சரியில் இரண்டு பீஸ் லில்லி.
சுவரோரம் கனகாம்பரம் ஒரு வரிசை.
டிசம்பர் பூ, வெயில் கொஞ்சம் எட்டும் மூலைக்கு.
எங்கள் மண் ஆற்று வண்டல்,
நனைந்தால் பசை, காய்ந்தால் ஓடு;
நிழலில் ஈரம் வேறு போகாது.
வேர் அழுகிப் போகும் என்று
தொட்டிக்கு அடியில் செங்கல் ஜல்லி போட்டேன்.
ஜல்லி, மூன்றாம் மாடி கட்டியபோது
என் பக்கம் விழுந்தது.
மேலே தென்னை நார்த்தூளும் இலைமக்கும்.

மனு மேஜை இழுப்பறையில் இருந்தது.
கையெழுத்து மட்டும் பாக்கி.

கத்திரியில் நகராட்சிக் குழாய்
ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தது.
நான் குருவைப் பகுதிக்கு அளக்கப் போய்
இரவு எட்டுக்குத் திரும்புவேன்.
பீஸ் லில்லி வாடியிருக்கும் என்று
டார்ச் அடித்துப் பார்த்தால்
வெள்ளையாக நான்கு பூ நிமிர்ந்து நிற்கிறது.
சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.
மேலே அவர்களுக்குக் குளிரக் குளிர
கீழே இதற்குத் தண்ணீர்.
அன்றிரவு இரண்டாம் இனத்தை அடித்தேன்.
ஒன்றாம் இனத்தை அடிக்கவில்லை.
விதி விதிதான்.

வைகாசியில் ஒரு கோடைமழை.
மறந்தே போன தொட்டியில்
இலைகூட இல்லாமல் ஒரு தண்டு,
அதன் தலையில் சிவப்பாக ஒரு பந்து,
நூறு ஊசியைக் கொத்தாகக் குத்தி வைத்தது மாதிரி.
பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு
எவ்வளவு நேரம் நின்றேனோ.

"அதென்னம்மா, செக்கச் செவேல்னு?"
மூன்றாம் மாடி ஜன்னலில் ஜெய்புன்னிசா.
நான்கு வருடத்தில் என்னிடம் பேசிய
முதல் வாக்கியம்.
"எனக்கொண்ணு தருவீங்களா?
இங்க எது வெச்சாலும் பொசுங்கிப் போவுது.
மொட்டை மாடில நெழலே இல்ல."

பதில் சொல்லத் தெரியவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்.

பந்து வாடி, இலை வந்து, அடங்கி,
தை மாதம் தோண்டியபோது
கிழங்கு மூன்றாகியிருந்தது.
கீரைக்காரருக்கு இறக்கும் வாளியைக் கயிற்றில் விட்டார்கள்.
ஒன்றை அதில் வைத்தேன்.
மனுவின் வெள்ளைப் பக்கத்தைக் கிழித்து
"வெயிலில் வைக்காதீர்கள்" என்று எழுதிப் போட்டேன்.

வாளி சுவரில் இடித்து இடித்து ஏறியது,
முதல் மாடி, இரண்டாம் மாடி.
மூன்றாவதில்
வெயில் அதன் விளிம்பில் பட்டது.
கை நீண்டு
உள்ளே இழுத்துக்கொண்டது.